காய்ச்சல் கண்ட கேமரா

9

வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பெயர், நேரம், ஒரு கிறுக்கல். பத்து விநாடி போதும். மேடம் இரண்டு நிமிடமாகக் குனிந்தே நின்றாள். பக்கத்தைப் பின்னுக்குப் புரட்டினாள். மறுபடி முன்னுக்கு வந்தாள். வாட்ச்மேன் கம்பளிக்குள் கைகளை விட்டுக்கொண்டு கொட்டாவி விட்டார்.

"என்ன மேடம், கேட் புத்தகத்துல தொடர்கதை எழுதறீங்களா?" என்றான் லொள்ளு.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அலுவலகத்தில் அது யாருக்கும் நினைவில்லை. மூன்று வருடமாக அவன் மேடத்தின் உதவியாளன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேலி பேசியே சம்பளம் வாங்குகிறவன் என்று மேடமே சொல்வாள்.

"எழுதல. படிச்சேன்" என்றாள் மேடம். பேனாவை அவனிடம் நீட்டினாள். "நேரத்தைச் சரியா போடு. ஐந்து நாற்பது."

'சரியா' என்ற சொல் முள்ளைப் போல எங்கோ போய்க் குத்தியது. லொள்ளு குனிந்து எழுதினான். விரல் விறைத்துப் போயிருந்ததால் எழுத்து கோணியது. விறைப்பு மட்டும்தான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

முற்றத்தைக் கடக்கும்போது இருவர் மூச்சும் புகையாகப் போயிற்று. மருந்துத் தொழிற்சாலையின் மூன்றாவது கூடத்தில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. சென்ற மாதம் இதே கூடத்திலிருந்து புறப்பட்ட ஒரு சின்ன பாட்டில்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். குழந்தைகளுக்கான குட்டி பாட்டில்; உள்ளே இருந்ததோ பெரியவர்களுக்கான வீரிய மருந்து. அதைக் குடித்த குழந்தை இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எழுந்து பால் கேட்டது. ஊர் மூச்சுவிட்டது. அதன்பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் விட்ட பாட்டில்?

இப்படிப்பட்ட தவறுகளை ஆராய்ந்து சொல்வது மேடத்தின் தொழில்; நிர்வாகம் அவளைக் கூப்பிட்டது. மேடம் அறிக்கை கொடுத்தாள். எந்திரம் ஒதுக்கும் பாட்டில்களைப் பார்வையிடும் தட்டு அக்காதான் என்றது அறிக்கை.

இன்று காலை ஒன்பது மணிக்கு மாடியில் விசாரணைக் கமிட்டி கூடும். தட்டு அக்காவுக்கு வேலை போகும். பிறகு காகிதம் போலீசுக்குப் போகும்.

"ஒன்பது மணிக்குத் தீர்ப்பு. இப்ப வந்து என்னத்தைத் தேடப் போறோம் மேடம்?"

மேடம் கைப்பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்தாள். ஒன்று, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் இருந்த சின்னக் குப்பி. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே மெழுகு மாதிரி உறைந்திருந்தது.

"நேத்து காலைல குளிச்சிட்டு வந்து அஞ்சு நிமிஷம் இதைக் கவுத்துப் பிடிச்சிட்டு நின்னேன். அப்பதான் மண்டைல ஏறுச்சு."

"எண்ணெயா?"

"புத்தி." இரண்டாவது பொருள், கூடத்தில் பாட்டில்களைச் சரிபார்க்கும் கேமராவோடு வந்த கையேடு. "லென்ஸ் எவ்வளவு வேகமா பார்வை மாத்துது?"

"பதினஞ்சு மில்லி செகண்ட். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்."

"அந்தப் பதினஞ்சுக்குத் தலைல ஒரு நட்சத்திரம் இருக்கே, பாத்தியா?"

"பகல்ல நட்சத்திரம் தெரியாது மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், அந்த நட்சத்திரத்துக்கு உரை இருந்தது: *சாதாரண அறை வெப்பத்தில்.*

லொள்ளு அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.

*

கூடத்துக்குள் வெளியைவிடக் குளிர். ஆபரேட்டர் அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தார். ஐம்பது வயது, குரங்குக் குல்லாய், வணக்கம் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குனியும் முதுகு. மூன்றாம் லைனின் எந்திரம் அவர் பொறுப்பு.

"சீக்கிரமே வந்துட்டீங்களே அண்ணே" என்றான் லொள்ளு.

"நீங்க வர்றதா நேத்து சொன்னாங்க தம்பி. அதான்."

மேடம் கூடத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். காய்கறிக் கடையில் ஒவ்வொன்றாய்த் தொட்டு அமுக்கிப் பார்க்கிறவளைப் போல, பெல்ட்டின் இரும்பைத் தொட்டாள். மேசையைத் தொட்டாள். ஒரு பாட்டிலை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். பெல்ட்டுக்கு மேலே குப்புறத் தொங்கிய கேமராவையும் தொட்டாள். அதில் மட்டும் அவள் கை கொஞ்சம் தங்கியது.

"எது கிலோ என்ன விலைன்னு கேளுங்க மேடம்" என்றான் லொள்ளு. யாரும் சிரிக்கவில்லை. தன் குரல் அந்தப் பெரிய கூடத்தில் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்ததை அவன் கேட்டான்.

அந்த லைனின் வேலை எளிமையானது. ஒரு நெட்டை பாட்டில், ஒரு குட்டை பாட்டில், மறுபடி நெட்டை, மறுபடி குட்டை என்று பெல்ட்டில் வரும். பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று ஜோடியாகப் பெட்டிக்குள் போகும். மூடியின் மேல், உள்ளே எந்த மருந்து என்று சொல்லும் ஒரு புள்ளிக் கட்டம் அச்சிட்டிருக்கும். கேமரா மேலிருந்து அதைப் படிக்கும். நெட்டையின் மூடி கேமராவுக்குக் கிட்டே, குட்டையின் மூடி தூரத்தில். ஒவ்வொரு பாட்டிலுக்கும் கேமரா பார்வையை மாற்றியாக வேண்டும்.

அதற்குத்தான் அந்த லென்ஸ். அதில் கண்ணாடி நகராது. மெல்லிய தோலுக்குப் பின்னால் ஒரு சொட்டு எண்ணெய். அழுத்தினால் உப்பும், விட்டால் தட்டையாகும். உப்பினால் கிட்டே தெரியும், தட்டையானால் தூரம் தெரியும். பாட்டில் கீழே வந்ததும் லென்ஸ் மாறத் தொடங்கும்; குறிப்பிட்ட நேரத்தில் கேமரா படம் எடுத்துவிடும். லென்ஸ் தயாரா என்று கேட்டுக்கொண்டிருக்காது.

படிக்க முடியாத பாட்டிலையும் தப்பான பாட்டிலையும் ஒரு காற்றுக்குழாய் 'புஸ்' என்று ஊதிப் பக்கத்துத் தட்டில் தள்ளும். தட்டருகே உட்கார்ந்திருப்பவர் கண்ணால் பார்த்து, நல்லதைக் கேமராவைத் தாண்டிய பெல்ட்டில் திரும்ப வைப்பார். வீரிய மருந்தின் மூடியில் கட்டத்தைச் சுற்றித் தலைமுடி கனத்தில் ஒரு வளையம் இருக்கும். குட்டை பாட்டிலில் வளையம் இருந்தால் அது எமன்.

பதினோரு வருடம் அந்தத் தட்டருகே உட்கார்ந்தவள்தான் தட்டு அக்கா. அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "அன்னிக்குக் காலைல முந்நூறு பாட்டில் தட்டுல வந்து விழுந்துச்சு. எல்லாம் நல்ல பாட்டில். அதுக்குள்ள அந்த ஒண்ணு எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியல."

ஒருவரும் நம்பவில்லை. வழக்கமாக ஒரு நாளைக்கே ஐந்தாறுதான் விழும். எந்திரத்தின் எண்பலகையிலும் அன்று ஏழு மணிக்கு மூன்று என்றுதான் இருந்தது.

ஆனாலும் மேடம் அன்று சொன்னாள்: 'எதுக்கும் ஒருநாள் காலைல ஆறு மணிக்குப் போய் லைனை ஓட்டிப் பாத்துட்டு வா.'

லொள்ளு போனான். பார்த்தான். இருநூறு பாட்டில், ஒன்றுகூடத் தட்டில் விழவில்லை. அறிக்கையில் எழுதினான். எழுதும்போது கை சும்மா இருக்கவில்லை. ஒரு வரி கூடுதலாகப் போட்டான்: 'இமை மூடித் திறப்பதற்குள் இருபது முறை பார்வை மாற்றும் கண்ணை ஏமாற்ற முடியாது. ஏமாந்தது மனிதக் கண்.' அந்த வரி அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கமிட்டிக்கும் பிடித்திருக்க வேண்டும். தட்டு அக்காவுக்குக் கொடுத்த குற்றப் பத்திரிகையில் அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

*

ஆறு மணிக்கு வாட்ச்மேன் வந்து மெயின் சுவிட்சின் பூட்டைத் திறந்தார். அதற்கு முன் லைனுக்கு மின்சாரம் கிடையாது. அது தொழிற்சாலையின் விதி.

"உடனே ஓட்டுங்க" என்றாள் மேடம்.

பெல்ட் நகர்ந்தது. நெட்டை, குட்டை, நெட்டை, குட்டை. கேமராவுக்குக் கீழே சிவப்பு வெளிச்சம் மின்னி மின்னி அணைந்தது. லொள்ளு தட்டையே பார்த்தான். ஐம்பது. நூறு. நூற்றைம்பது. காற்றுக்குழாய் வாயே திறக்கவில்லை.

இருநூறாவது பாட்டிலும் போயிற்று. தட்டு காலி.

அப்பாடா, என்றது அவன் நெஞ்சு. அடுத்த நொடியே அந்த 'அப்பாடா'வின் முகம் அவனுக்குத் தெரிந்தது. ஒரு பெண் வேலை இழக்கப் போகிறாள், அவள் சொன்னது பொய் என்று மறுபடி உறுதியாகியிருக்கிறது, இவனுக்கு நிம்மதி! காது மடல் சுட்டது. அந்தக் குளிரில் அவனுடம்பில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

"அவ்வளவுதான் மேடம். எண்ணெய் உறைஞ்சது உங்க குப்பில மட்டும்தான். நல்ல ஷாம்பு வாங்குங்க."

மேடம் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆபரேட்டர், இந்தக் கூடத்துல எல்லாத்தையும் தொட்டுப் பாத்தேன். பெல்ட் ஐஸ். மேசை ஐஸ். பாட்டில் ஐஸ். ஆறு மணிக்கு முன்னால லைன்ல கரண்டும் இல்ல. அப்ப கரண்டே வராத கேமராவுக்கு மட்டும் எப்படிக் காய்ச்சல் வந்துச்சு?"

ஆபரேட்டர் அண்ணன் குல்லாயைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"அது... வெளிச்சம் பட்டு..."

"எந்த வெளிச்சம்? சூரியனே இன்னும் வரல. லொள்ளு, அண்ணனோட சாப்பாட்டுப் பை மேசைக்கு அடியில இருக்கு. எடு."

பை கனத்தது. உள்ளே சாப்பாட்டு டப்பா இல்லை. ரப்பர் வெந்நீர்ப் பை இருந்தது. இன்னும் சூடு ஆறவில்லை.

"இடுப்பு வலிம்மா" என்றார் அவர்.

"இடுப்பு உங்களுக்கா, கேமராவுக்கா?" என்றான் லொள்ளு. பழக்க தோஷம். சொன்ன பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் அப்படியே ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நெடுநாளாகச் சுமந்ததை இறக்கி வைக்க இடம் கிடைத்தவர் போல இருந்தது.

"அன்னிக்கு ரெண்டு நாள் லீவுக்கப்புறம் முதல் நாள். கூடம் ஐஸ்கட்டி மாதிரி இருந்துச்சு. குளிர் நாள்ல அரைமணி நேரம் எந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு, சூடானதுக்கப்புறம்தான் பாட்டில் ஏத்தணும். ஆறு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியவன், ஆறரைக்குத்தான் வந்தேன். உடனே பாட்டிலை ஏத்திட்டேன்."

"ஏன் லேட்?"

"தூங்கிட்டேன்மா." அவர் தரையைப் பார்த்தார். "வெறும் தூக்கம். சொல்லிக்க ஒரு நல்ல காரணம்கூட இல்ல. வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்ல, பஸ்ஸும் கெட்டுப் போகல. தூங்கிட்டேன்."

லொள்ளு வெந்நீர்ப் பையைப் பிடித்தபடி நின்றான். கீழே வைக்கத் தோன்றவில்லை.

"எண்ணெய் கட்டிப்பட்டிருக்கும் போல. நெட்டை வந்தா குட்டையைப் பாக்கறாப்ல இருக்கு, குட்டை வந்தா நெட்டையை. புஸ், புஸ், புஸ்னு தட்டு ரொம்பி வழிஞ்சுச்சு. அந்தப் பொண்ணு, 'அண்ணே, நிறுத்துங்க அண்ணே'ன்னுச்சு. ஏழு மணிக்கு மேனேஜர் வந்துருவார், அதுக்குள்ள இத்தனை பாட்டில்னு கணக்குக் காட்டணும்னு நான் நிறுத்தல. எண்பலகைல முந்நூத்தி சொச்சம் நின்னுச்சு. ஏழுக்கு முன்னால நான்தான் அதைப் பூஜ்யம் பண்ணேன். அப்புறம் மூணுதான் விழுந்துச்சு."

"பதினெட்டு நாள்" என்றாள் மேடம். "ஒரு பொம்பளை அழுதுகிட்டே ஒரே விஷயத்தைச் சொல்றா. அது நிஜம்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க. வாயே திறக்கலையே?"

"திறக்கணும்னுதான் இருந்தேன்மா." அவர் நிமிர்ந்தார். முதல் தடவையாக லொள்ளுவை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "மேனேஜர் ரூம் வாசல் வரைக்கும் போனேன். அப்பதான் உங்க ரிப்போர்ட் வந்துச்சு. நீங்க சோதனை பண்ணின அன்னிக்கு எனக்கு வார லீவு, நான் இல்ல. 'காலை ஆறு மணி, குளிரில், இருநூறும் பாஸ்'னு தம்பி எழுதியிருந்தாரு. நான் நாலு தடவை படிச்சேன். குளிர் காரணம் இல்லைன்னு படிச்சவங்களே எழுதிட்டாங்களே. அப்ப நான் கண்டதுதான் தப்போ, வேற ஏதோ கோளாறோன்னு நினைச்சுக்கிட்டேன். அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. நேத்து நீங்க மறுபடி வர்றீங்கன்னதும் பயம் வந்துருச்சு."



மேடம் லொள்ளுவின் பக்கம் திரும்பவே இல்லை. கையேட்டைப் புரட்டினாள். எதையும் படிக்கவில்லை என்பது தெரிந்தது. அவள் காத்திருந்தாள். வாசலில் பதிவேட்டைப் புரட்டிய விரல்கள் இவைதானே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு கேலி வருமா என்று உள்ளே தேடினான். எப்போதும் வரிசையில் நிற்பவை. ஒன்றுகூட இல்லை.

"ஆறு மணி இல்ல" என்றான். தன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "நான் அன்னிக்கு வந்தப்ப மணி பதினொண்ணு பத்து. முந்தின நாள் ஒரு புத்தகத்தை முடிக்கணும்னு படிச்சிட்டே இருந்துட்டேன். எழுந்தப்ப வெயில் வந்துருச்சு. கூடம் கதகதன்னு இருந்துச்சு. கேமரா அஞ்சு மணி நேரமா ஓடிட்டிருந்துச்சு. பாட்டில் எல்லாம் பாஸ். ஆறு மணியோ பதினொண்ணோ, எந்திரம் எந்திரம்தானேன்னு... ஆறுன்னு எழுதிட்டேன்."

ஆபரேட்டர் அண்ணன் பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டு பேர் தூங்கினார்கள். தண்டனை மூன்றாவது ஆளுக்கு.

"பதினொண்ணு பன்னிரண்டு" என்றாள் மேடம். "வாட்ச்மேன் கடிகாரம் ரெண்டு நிமிஷம் முந்தி ஓடும்போல."

"தெரிஞ்சே என்னைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"இன்னிக்குக் காலைலதான் தெரியும். ரிப்போர்ட்டு கீழ கையெழுத்து யாரோடது? உன்னோடதா? என்னோடது. அந்த வரியைப் படிச்சுச் சிரிச்சுட்டே போட்டேன்." மேடம் கையேட்டை மூடினாள். "நல்ல வரி அது. அதனாலதான் நேரத்தைப் பாக்கல."

அவள் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

சரக்கு ஏற்றும் பெரிய கதவைத் திறந்துவிட்டார்கள். மின்சாரத்தை அணைத்தார்கள். கேமரா பழைய குளிருக்குத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று. மேடம் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தாள்.

"லொள்ளு, தட்டுகிட்ட போய் உக்காரு."

"நானா?"

"மனிதக் கண் வேணும். உன் கண்ணைவிட நல்ல கண் யாருக்கு?"

அவன் தட்டு அக்காவின் ஸ்டூலில் உட்கார்ந்தான். ஸ்டூலின் காலில் ஒன்று குட்டை. அதன் அடியில் மடித்த அட்டை ஒன்று பதினோரு வருடமாக நசுங்கிக் கிடந்தது. பெல்ட் ஓடியது.

புஸ்.

முதல் பாட்டில் விழுந்தது. எடுத்தான். நெட்டை, வளையம் இருக்கிறது, சரி. பெல்ட்டில் வைத்தான். புஸ். குட்டை, வளையம் இல்லை, சரி. புஸ். புஸ். கிட்டே தூரம், கிட்டே தூரம் என்று எண்ணெய் தட்டுத் தடுமாறுவதை மனதுக்குள் அவனால் பார்க்க முடிந்தது. தூக்கக் கலக்கத்தில் கதவைத் தேடுகிற ஆளைப் போல. ஒவ்வொரு முறையும் ஒரு கணம் தாமதம். அந்தக் கணத்துக்குள் படம் எடுத்தாகிவிட்டது.

ஐம்பதாவது பாட்டிலில் விரல்நுனி மரத்தது. நூறில் கண்ணில் நீர் கோத்தது. தட்டு நிரம்பிக்கொண்டே இருந்தது. நாலு விநாடிக்கு ஒன்று. வளையம், வளையமில்லை, வளையம், வளையமில்லை. அவன் ஒன்றையும் தவற விடமாட்டான். அது மட்டும் நிச்சயம். உயிரே போனாலும் ஒன்றையும் விடமாட்டான்.

இருபது நிமிடம் கழித்து மேடம் கை காட்டினாள். பெல்ட் நின்றது. எண்பலகையில் முந்நூற்றுப் பதினாலு.

"எல்லாம் பாத்தியா?"

"எல்லாம் பாத்தேன் மேடம். ஒவ்வொண்ணும்."

மேடம் பெல்ட்டின் மறுகோடியில் பெட்டிக்குள் போயிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்தாள். நெடுநேரம் தேடினாள். பிறகு ஒரு குட்டை பாட்டிலைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். வெறும் தண்ணீர் நிரப்பிய பாட்டில். மூடியில் புள்ளிக் கட்டம். அதைச் சுற்றி, தலைமுடி கனத்தில், ஒரு வளையம்.

"நான்தான் நடுவுல போட்டேன்" என்றாள். "கேமரா ஒழுங்கா தள்ளுச்சு. நீ எடுத்துப் பாத்து, திருப்பி வெச்ச."

லொள்ளு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது வளையம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது!

*

எட்டே முக்கால். மாடியில், கமிட்டி அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதன் ஓரத்தில், மடியில் பையை அணைத்தபடி தட்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர், அவளுடைய குற்றப் பத்திரிகையை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார். மேடம் புது அறிக்கையோடு உள்ளே போனாள். ஆபரேட்டர் அண்ணன் குல்லாயைக் கையில் பிடித்தபடி அவள் பின்னால் போனார்.

"உள்ள சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கறேன்" என்று படியேறும்போதே மேடம் சொல்லியிருந்தாள். "வெளிய சொல்ல வேண்டியது உன்னோடது."

லொள்ளு பெஞ்சின் முன் நின்றான். உட்காரத் தோன்றவில்லை.

"அக்கா. அந்த ரிப்போர்ட் எழுதினது நான்தான்."

கணவர் எழுந்தார். அக்கா அவர் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பதினொன்று பத்து. புத்தகம். கதகதப்பான கூடம். ஆறு என்று எழுதியது. நடுவில் ஒரு தடவைகூட வேடிக்கையாகப் பேசவில்லை. சொல்லி முடித்தபோது அக்காவின் கண்கள் அவன் முகத்தில் இல்லை. அவன் விரல்களில் இருந்தன. நுனிகள் சிவந்து, சுருங்கி, வெடித்திருந்தன. அந்தச் சிவப்பை அவளுக்குத் தெரியும்.

"என் ஸ்டூல்ல உக்காந்தீங்களா தம்பி?"

"ஆமாக்கா."

"எத்தனை விழுந்துச்சு?"

"முந்நூத்திப் பதினாலு."

அவள் கண்களை மூடித் திறந்தாள். பதினெட்டு நாளாக அவள் சொன்ன எண்ணை முதல் தடவையாக வேறொருவர் வாயிலிருந்து கேட்கிறாள்.

"தப்பு பாட்டில் எதாச்சும் விட்டீங்களா?"

அவன் சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டி பாட்டிலை எடுத்து நீட்டினான்.

"ஒண்ணு."

அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். கட்டை விரலால் மூடியின் மேலிருந்த வளையத்தை ஒருமுறை சுற்றித் தடவினாள். உள்ளே யாரோ மணியடித்து அவளைக் கூப்பிட்டார்கள். பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கும் ஒண்ணுதான் தம்பி" என்றாள்.